மேல்கட்டில்

மச்சானுக்கு அவன் கொடுக்க வேண்டியது பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது. பதினான்கு வருஷமாக அந்தத் தொகை ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மச்சான் என்றால் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். லாரி ஓட்டி, லாரி வாங்கி, இப்போது மூன்று லாரி வைத்திருப்பவர். தங்கையின் புருஷனிடம் வட்டி கேட்கிற ஆளில்லை. வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட, ஆஸ்பத்திரிக்குக் கட்டியது பதினெட்டாயிரம். தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்த வாடகைக் காருக்கு எழுநூற்றைம்பது. "கார் வாடகையையும் சேத்துத்தான் எழுதியிருக்கேன் மாப்ள, பின்னாடி சண்டை வரக்கூடாது பாரு" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

கட்ட முடியாத கடன் அல்ல அது. அவன் சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கழுத்து வெந்து முதுகு வளைந்து சம்பாதிக்கிறவன், ஊதாரி இல்லை. மகளுக்கு மூன்று வயதாகும்போதே அந்தப் பணம் கையில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் கட்டவில்லை. பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் பார்க்க வந்த மச்சான், டீயைக் குடித்துக்கொண்டே சொன்ன பேச்சுதான் காரணம்.

"ரெண்டாவது ஒன்னு பொறக்கட்டும் மாப்ள. அன்னைக்கே இந்தக் கடன அடிச்சிடுறேன். மாமன் கணக்குல போகட்டும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கடனைக் கட்டிவிட்டால் இரண்டாவது பிள்ளை இல்லை என்று தானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று மனசுக்குள் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. கட்டாமல் வைத்திருந்தால் வழி திறந்தே இருக்கும்.

அவன் ஆறு பிள்ளைகளில் நான்காவது. ஒரே பாய், ஒரே போர்வை. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் ஒருத்தனுக்குக் கால் வெளியே தெரியும். வீடு என்றால் அப்படி இரைச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊறிப்போயிருந்தது. மகள் ஒற்றையாகச் சுவரோடு பேசி விளையாடுவதைப் பார்த்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அவளை வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். குட்டிக்கு நான்கு வயதானபோது, மூடிப்போன ஒரு விடுதியின் சாமான்களை மலிவாக விற்றார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பேர் படுக்கிற இரும்புக் கட்டில் ஒன்றை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி, மூன்று மாடிக்கும் தலையிலேயே சுமந்து ஏற்றினான். கீழ்க்கட்டில் குட்டிக்கு. மேல்கட்டில் யாருக்கு என்று அவன் சொல்லவில்லை. மனைவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், பழைய சூட்கேஸ், குளிர்காலப் போர்வைகள், ஓடாத மின்விசிறி, காகிதங்கள் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் பை எல்லாம் மேல்கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தன.

"சாமான் வைக்கவா இத வாங்குனேன்?"

"சும்மாதானே கிடக்கு" என்றாள் அவள்.

அவளிடம் எப்போது கேட்டாலும் ஒரே சொல்தான், வேண்டாம். ஏன் என்று கேட்டால் பாத்திரத்தை எடுத்துத் துலக்க ஆரம்பித்துவிடுவாள், சுத்தமாக இருக்கிற பாத்திரத்தையும். கிடங்கில் கூட வேலை செய்கிறவர்கள் அவனைச் சும்மா விடமாட்டார்கள். "என்னண்ணே, ஒரே புள்ளையோட கடைய சாத்திட்டீங்களா?" "சாத்தலடா, சரக்கு வர லேட்டாகுது" என்று அவனும் சிரித்துச் சமாளித்துவிட்டு, அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து வீட்டில் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஒரு தடவை, குட்டிக்கு ஆறேழு வயதிருக்கும், கோபத்தில் சொல்லியும் விட்டான்: "புள்ள வளக்க உனக்கு உடம்பு வளையல. அதான் விஷயம். சோம்பேறித்தனம்." அவள் திரும்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியாத ஒரு சங்கதி அவனிடம் இருந்தது. அவனுக்கு எழுத்து தெரியாது.

கல்யாணப் பேச்சின்போது எட்டாவது வரை படித்த பையன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பெண் பத்தாவது. எட்டு என்பதே குறைச்சலாகத் தெரிந்த இடத்தில், பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கையெழுத்து மட்டும் போடுவான். யாரோ சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து, படம் வரைவது போல் வரைந்து பழகியது. பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு படங்களைப் பார்ப்பான். பக்கம் திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்புவான். ஏதாவது காகிதம் வந்தால், "நீயே படி, சிமெண்டு தூசி, கண்ணு எரியுது" என்பான். பொய்யென்றும் சொல்ல முடியாது, கண் எரியத்தான் செய்யும். அவள் அதை நம்பி, சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டு வாங்கிய சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்து வைத்து, அவனைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் எழுத்துகள் தொங்கின. கடைக்காரர் எதைக் காட்டினாலும் "மங்கலா இருக்குங்க" என்றான். கடைசியில் தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். அதைப் போட்டாலே தலைவலிக்கும். இருந்தும் பேப்பர் பிடிக்கும்போதெல்லாம் போட்டுக்கொண்டான்.

எல்லாம் போன வருஷம் கிடங்கில் வெளுத்தது. கூரைக்குப் போடுகிற சிமெண்டு மூட்டையில் சிவப்புக் கோடு, பூச்சு வேலைக்கானதில் பச்சைக் கோடு; அதைப் பார்த்துத்தான் அவன் அதுவரை தூக்கினான். கம்பெனிக்காரன் திடீரென்று இரண்டு மூட்டைக்கும் ஒரே நீல நிறத்தை அடித்து, வித்தியாசத்தை எழுத்தில் மட்டும் வைத்துவிட்டான். இருநூறு மூட்டை தப்பு லாரியில் ஏறிவிட்டது. ஏற்றிய அத்தனையையும் இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். கூட இருந்தவர்கள் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. பில் போடுகிற அம்மா கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து, ஒரு மூட்டையைத் தட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, சொல்லுங்க" என்றார்.

"கண்ணு எரியுதுங்கம்மா."

"எனக்குந்தான் எரியுது. நாளையிலருந்து மத்தியானம் சாப்ட்டுட்டு அரை மணி நேரம் மேல வாங்க. யார்கிட்டயும் சொல்லவேண்டாம், நானும் சொல்லல."

நாற்பத்தைந்து வயதில், பழைய பில்லின் முதுகில் எழுதிப் பழகினான். விரல் காய்த்துப்போய்ப் பேனா நிற்காது. மூட்டையைப் பிடிப்பது போல் பிடிப்பான். "பேனா ஓடிப்போகாது, மெதுவாப் பிடிங்க" என்று அந்த அம்மா சிரிப்பார். அவன் முதன்முதலாக முழுசாகப் படித்தது மூட்டையின் அடியில் இருந்த ஒரு வரியை: ஈரம் படாமல் வைக்கவும். இருபத்தைந்து வருஷமாகத் தலையில் சுமந்த எழுத்து.

எழுத்து தெரியாததை மறைத்தவன், இப்போது கற்றுக்கொள்வதையும் மறைத்தான். இத்தனை நாள் சொன்ன பொய்யை உடைக்காமல் எப்படிச் சொல்வது?

இந்த நிலைமையில்தான் குட்டியின் பள்ளியில் பெரிய பரீட்சைக்குப் பெயர் எழுதிக்கொடுக்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அன்று அவனுக்கு விடுமுறை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள், குட்டி பள்ளியில். "மேல்கட்டில்ல பிளாஸ்டிக் பை இருக்கு, சாயங்காலம் வந்து நான் தேடிக்கிறேன்" என்று மனைவி சொல்லிவிட்டுத்தான் போனாள். நாமே தேடினால் என்ன என்று அவனுக்கு ஒரு ஆசை. வீட்டில் யாரும் இல்லை, விரலை வைத்து, உதட்டை அசைத்து, சத்தமாகவே படிக்கலாம். பையை இறக்கித் தரையில் கொட்டினான். மின்சாரக் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், கண்ணாடிக் கடைச் சீட்டு. ஒவ்வொன்றையும் படித்து ஓரமாக வைக்கையில் பந்தியில் உட்கார்ந்தவன் போல் இருந்தது அவனுக்கு. சான்றிதழும் கிடைத்தது. அதோடு குட்டியின் தடுப்பூசி அட்டை, அட்டைக்குள் நான்காக மடித்த ஒரு தாள்.

தாளின் கீழே அவனுடைய கையெழுத்து இருந்தது. வரைந்த கையெழுத்து. அதனால்தான் மேலே என்ன இருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தான்.

பிள்ளை பெற்ற தாய்மாரிடம் கேட்கிற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: இல்லை, சில நேரம், அடிக்கடி. தூங்க நேரம் இருந்தும் தூக்கம் வராமல் இருக்கிறதா? அடிக்கடி என்ற கட்டத்தில் டிக். காரணம் தெரியாமல் அழுகை வருகிறதா? அடிக்கடி. குழந்தை அழும்போது எழுந்து போக முடியாமல் உட்கார்ந்துவிடுகிறீர்களா? அடிக்கடி. நீங்கள் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக வளரும் என்று தோன்றுகிறதா? அந்த ஒரு வரியைப் படிக்க அவனுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. படித்து முடித்தபின் மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தான், தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று. கடைசிக் கேள்வி: உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடும் எண்ணம் வந்ததுண்டா? இல்லை என்ற கட்டத்தில் முதலில் டிக் போட்டு, அதை அடித்துவிட்டு, சில நேரம் என்பதில் போட்டிருந்தாள்.

அதற்கும் கீழே நர்ஸ் கையால் எழுதியது. கூட்டெழுத்து, அதைப் பிரித்துப் படிக்க இன்னும் நேரம் பிடித்தது. 'இது நோய், மருந்தும் பேச்சும் கொடுத்தால் குணமாகும். கணவர் இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, வரும் வாரம் மனைவியைக் கட்டாயம் அழைத்து வரவும்.'

அந்தச் சாயங்காலம் அவனுக்கு ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு ஒன்றரை மாதம். அவன் வேலையிலிருந்து வந்து அப்போதுதான் கைகால் கழுவியிருந்தான். அவள் தாளை நீட்டி, "இதப் படிச்சுப் பாருங்க. கீழ உங்க கையெழுத்து போடணும்" என்றாள். சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றாள். தடுப்பூசிக் காகிதம் என்று நினைத்தான். படித்த மாதிரி இருக்க எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதற்கு அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. மூட்டை எண்ணுவது போல் மனசுக்குள் நூறு வரை எண்ணுவான். அன்றும் எண்ணினான். கண்ணை மேலிருந்து கீழே நகர்த்தினான். நூறு ஆனதும், "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்தை வரைந்து கொடுத்து, ஒரு டீ கேட்டான்.

"அவ்வளவுதானா?" என்றாள் அவள்.

"வேற என்ன?"

"ஒன்னுமில்ல."

டீ வந்தது. அதில் சர்க்கரை இல்லை என்று அன்றைக்கு அவன் கடிந்துகொண்டதுகூட இப்போது ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம்தான் கடனை அடைக்க வேண்டும் என்று இரண்டு ஷிப்டு பார்க்க ஆரம்பித்தான். வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். வரும்போது சில நாள் குளியலறையில் குழாய் திறந்தே இருக்கும். வாளி நிறைந்து வாசல் வரை தண்ணீர். பக்கத்தில் பிள்ளை கத்திக்கொண்டிருக்க, அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தண்ணி பில்லை யார் கட்டுவது என்று அவன் கத்துவான். பால்கனிக் கதவை அவள் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். துணியெல்லாம் அறைக்குள்ளேயே காயும். மூன்று வருஷம் வீடே ஈர நாற்றம். காற்று அடிக்கிறது என்று கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். முடிச்சு அத்தனை இறுக்கமாக எதற்கு என்று யோசிக்கவில்லை.

நாலரைக்கு மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே தரையில் பரப்பியிருந்த காகிதங்களைப் பார்த்தாள்.

"சர்டிபிகேட் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

அப்புறம் அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "அத எதுக்கு இப்ப எடுத்தீங்க?"

"இத இன்னைக்குத்தான் படிச்சேன்."

"மறந்திருப்பீங்க. அன்னைக்கே படிச்சீங்க."

"படிக்கல."

"நான் நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"நூறு வரைக்கும் எண்ணுனேன்" என்றான் அவன். "எனக்குப் படிக்கத் தெரியாது. போன வருஷந்தான் கத்துக்கிட்டேன். பில் போடுற அம்மா சொல்லிக் குடுத்தாங்க."

அவள் சிரிப்பு மாதிரி ஏதோ செய்தாள். "தினம் பேப்பர் படிப்பீங்களே."

"படம் பாப்பேன்."

"கண்ணாடி?"

"தலைவலிதான் வரும்."

"ஆறு மாசம் சம்பளத்துல பிடிச்சு வாங்குனேன் அத."

"தெரியும்."

அவள் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் சிவந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்தாள். அவன் தரையில்தான் இருந்தான். கிடங்கில் ஒரு மூட்டை கிழிந்தால் எவ்வளவு கொட்டியது என்று உடனே தெரிந்துவிடும். இங்கே அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"படிச்சிட்டுத்தான் டீ கேட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அவள். "வாயால சொல்ல வரல எனக்கு. பெத்த புள்ளையப் பத்தி இப்படித் தோணுதுன்னு எப்படிச் சொல்றது? நர்ஸம்மாதான், சொல்லவேண்டாம், காகிதத்தக் குடு, அவரு படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னு சொன்னாங்க. குடுத்தேன். சரியாத்தான் இருக்குன்னுட்டீங்க. சரி, எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான் போல, இவருக்கு இது பெரிசில்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் அந்தப் பக்கமே போகல. ஊசி போட வேற எடத்துக்குப் போனேன்."

"மச்சான்கிட்டயாவது..."

"சொல்லத்தான் இருந்தேன். மூணாம் மாசம் அண்ணன் வந்துச்சே, அன்னைக்கு. டீ போட்டு எடுத்துட்டு வர்றேன், ரெண்டாவது பொறந்தா கடன் ரத்துன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருக்கு. நீங்களும் சிரிக்கிறீங்க. டம்ளர வச்சிட்டு உள்ள போயிட்டேன்."

அவன் பால்கனிப் பக்கம் திரும்பிக் கேட்டான். "அந்தக் கயிறு? பால்கனியில கட்டுனது?"

"காத்துக்குக் கட்டுனேன்னு நெனச்சீங்கல்ல."

"ஆமா."

"புள்ளையத் தூக்கிட்டு அங்க போய் நிக்கணும்னு தோணும். நல்லா இருக்குற நேரமாப் பாத்துக் கட்டுனேன். நாலு முடிச்சு. நல்லா இல்லாத நேரத்துல அவுக்கப் போனா, அவுக்குறதுக்குள்ள யாராவது வந்துருவாங்க, இல்ல புள்ள அழுதுரும்னு."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சோம்பேறித்தனம் என்று தான் சொன்ன சொல் அந்த அறைக்குள்ளேயே எங்கோ இருப்பது போலிருந்தது. எடுத்து வெளியே போட முடிந்தால் போட்டிருப்பான்.

"அதனாலதான் வேண்டாம்னு சொன்னியா? புள்ளைங்களே பிடிக்காமப் போச்சா?"

"யாரு சொன்னா?" அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "எனக்கு ஆசை இல்லன்னு யாரு சொன்னா? குட்டிக்கு மூணு வயசாகுறப்ப அது தன்னாலயே விட்டுப் போச்சு. ஒருநாள் துணி காயப்போடும்போது நானே பாடிக்கிட்டிருக்கேன். அன்னைக்குத்தான் கயித்த அவுத்தேன். அப்புறம் எனக்கும் ஆசை வந்துச்சு. ரெண்டு இருந்தா நல்லாருக்கும்னு. நீங்க கட்டில் வாங்கிட்டு வந்த அன்னைக்குக்கூட, மேல ஏறி உக்காந்து பாக்கலாமான்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"மறுபடியும் அது வந்தா? யாருகிட்ட சொல்வேன்? சொன்னாலும் கையெழுத்துப் போட்டுட்டு டீ கேப்பாருன்னுதானே நெனச்சேன். சாமானெல்லாம் தூக்கி மேல வச்சேன். இடம் இருந்தாத்தானே ஆசை வரும்."

பதினான்கு வருஷமாக எந்த ஒன்றை அவன் கேட்டுக்கொண்டிருந்தானோ, அதைத் தட்டிவிட்டது அவன் கைதான். அன்றைக்கு அந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், மேல்கட்டிலில் இப்போது ஒரு பையனோ பெண்ணோ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 'எனக்குப் படிக்கத் தெரியாது, நீயே சொல்லு' என்று ஒரு வார்த்தை. மானம் போயிருக்கும், ஒரு நாள் போயிருக்கும், அவ்வளவுதான்.

"இப்ப..." என்று அவன் ஆரம்பித்தான்.

"எனக்கு நாப்பத்தொண்ணு" என்று அவள் முடித்துவிட்டாள்.

வெளியே தண்ணீர் லாரி வந்து நின்று ஒலி எழுப்பியது. வழக்கமாக அவள்தான் முதலில் ஓடுவாள். அன்றைக்கு எழவில்லை. அவன் குடங்களை எடுத்துக்கொண்டு போய் நிரப்பி, மூன்று மாடி ஏற்றினான். திரும்பி வந்தபோது அவள் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் போட்டிருந்தாள். அந்தத் தாள் மட்டும் வெளியே இருந்தது.

"உங்களத் திட்டவும் தெரியல எனக்கு" என்றாள். "பொய் சொன்னதுக்குத் திட்டுறதா, தெரிஞ்சே சும்மா இருக்கலன்னு ஆறுதல் பட்டுக்குறதா? இத்தன வருஷம் ஒரு கல்லோட குடும்பம் நடத்துறேன்னு நெனச்சேன். கல்லும் இல்ல, முட்டாளு."

"முட்டாள்தான்."

"அத அப்புறம் பாத்துக்கலாம். ஒன்னு மட்டும் பண்ணுங்க. அண்ணன் இனிமே அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அது வாசல்ல செருப்பக் கழட்டும்போதே எனக்கு அடுப்படிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கலாம்னு இருக்கு. அந்தக் கடனக் கட்டிட்டு வாங்க."

மறுநாள் வேலை முடிந்து அவன் மச்சானின் லாரி ஷெட்டுக்குப் போனான். பணத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தான். மச்சான் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"வா மாப்ள. என்ன இந்தப் பக்கம்? நல்ல சேதியா? மாமன் கணக்குல எழுதிரலாமா?"

"கடனக் கட்ட வந்தேன் மச்சான்."

"யோவ்" என்று மச்சான் சிரித்தார். "அன்னைக்கு அந்தக் காசுக்கு டயர் ரெண்டு வரும். இன்னைக்கு டியூப்புதான் வரும். இப்ப வந்து நீட்டுற. இரு, அவசரப்படாத. இன்னும் காலம் போயிடல."

"போயிருச்சு மச்சான்."

அவன் சொன்னான். நின்றுகொண்டே, முதலிலிருந்து. கேள்வித் தாளையும், நூறு வரை எண்ணியதையும், கயிற்றையும், மூன்றாம் மாதம் அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனதையும். மச்சான் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். பாதியிலேயே அவருடைய சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"நான் விளையாட்டுக்குத்தான்யா சொன்னேன்."

"தெரியும் மச்சான். நான்தான் விளையாட்டா எடுத்துக்கல."

"சின்னதுல ஒரு முள்ளு குத்துனாக்கூட எங்கிட்டதான் ஓடி வருவா" என்றார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். "காசு வேணாம்யா. குட்டி படிப்புக்கு வச்சுக்க" என்றார்.

"வேண்டாம் மச்சான். கட்டிட்டு வரச் சொல்லியிருக்கா. எண்ணிக்கங்க."

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். பதினெட்டாயிரம் எண்ணி, கார் வாடகை எழுநூற்றைம்பதுக்கு வந்ததும் நிறுத்தி, அவனைப் பார்த்தார். அவன் தலையசைத்தான். அதையும் எண்ணினார். ஷெட்டு அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்து, தூசியைத் தட்டிப் பக்கத்தைப் புரட்டி அவன் முன்னால் வைத்து, "இந்தா, பைசல்னு நானே எழுதுறேன். நீ கையெழுத்து மட்டும் போடு" என்று எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கியவன் உடனே போடவில்லை. விரலை வைத்து, உதட்டை அசைத்து, மேலிருந்து படித்துக்கொண்டு வந்தான். 'ஆஸ்பத்திரிக்கு 18,000. காருக்கு 750.' அதற்குக் கீழே, அன்றைய மை வெளுத்துப்போயிருந்தாலும், மச்சானின் குண்டெழுத்து நன்றாகவே தெரிந்தது: 'இரண்டாவது பிறந்தால் தள்ளுபடி.' எழுதியே வைத்திருக்கிறார். மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவசரப்படுத்தவில்லை.

அந்த வரியை அவன் முதலில் அடித்தான். கோடு கோணலாகப் போனது. மேலே இன்னொன்று போட்டான். பிறகு மச்சான் எழுதிய பைசல் என்ற சொல்லையும் ஒரு தடவை கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, அதன் கீழே, பழகிய படத்தை வரையாமல், தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினான்.